23 நிமிடப் பொறுமை

பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' 1971-ல் வந்தது. 23 நிமிடம் ஓடும். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, 'என்ன ஒரு மர்மம், என்ன ஒரு நம்பிக்கை!' என்று உருகுகிறீர்கள். சரி, நானும் உருகுகிறவன்தான். 1966-ல் பீட்டில்ஸ் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டில் நம்மூர் தம்புராவை மீட்டி, கிட்டத்தட்ட ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, 'ஆஹா, சைக்கடெலிக்!' என்று கைதட்டினார்கள்.

அப்படியே கூடலூர் பக்கம் தேவர்சோலைக்கு வாருங்கள். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளில் பணியர்கள் துடி அடித்து, குழல் ஊதி, வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். திரும்பத் திரும்ப அதே தாளம். கேட்கக் கேட்க நேரம் மறந்துபோகும். ராக் இசைக்காரர்கள் மின்சார கிதாரை வைத்துக்கொண்டு தேடியதும் இதைத்தானே? ஆனால், இதற்கு நாம் வைத்திருக்கிற பெயர் 'ஆதிவாசி டான்ஸ்'. மந்திரி வந்தால் வரவேற்க இரண்டு நிமிடம். அதற்குள், 'போதும்பா, நிறுத்து!'

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல்தான் வந்தது. இவர்களின் முன்னோர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் கட்டுண்டு கிடந்தவர்கள். அப்போதும் துடியைக் கீழே வைக்கவில்லை. நம்பிக்கை என்றால் இதுதான் சார்!

லண்டன் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கிற 23 நிமிடத்தை இவர்களுக்கும் கொடுங்கள். மேடையில் ஏற்றி அல்ல. அவர்கள் கூப்பிட்டால் அவர்கள் முற்றத்துக்கே போய், ஓரமாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு.