பாட்டிக்குத் தும்மலா? கடை மாத்திரையை நீட்டாதீர்கள்!

"ஹச்... ஹச்...!"

காலை 6 மணி. மல்லாங்கிணற்றில் ஒரு வீட்டுத் திண்ணை. பாட்டி தும்முகிறாள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறான். 11 வரை எண்ணிவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறான்.

"அப்பத்தா, நேத்தைவிட இன்னைக்கு ரெண்டு கூட!"

பாட்டியும் சிரிக்கிறாள். ஆனால் அவள் கண்ணைப் பாருங்கள். சிவந்து போய், நீர் கோத்து நிற்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டு இரவு முழுவதும் தூக்கம் இல்லை.

"வயதானால் இதெல்லாம் சகஜம்" என்கிறார் மகன். சகஜம் என்று சொல்லித்தான் நாம் முதியவர்களை வாட விடுகிறோம்.

பூவும் புழுதியும்

மல்லாங்கிணறு வறண்ட பூமி. சுற்றிலும் சீமைக்கருவேல மரம். இது நம் ஊர் மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே வந்தது. பூக்கும் காலத்தில் இதன் மகரந்தத் தூள் காற்றில் பறக்கும். சிலருடைய உடம்புக்கு அது ஆகாது. தூள் மூக்கில் பட்டதும், எதிரி வந்துவிட்டான் என்று உடம்பு சண்டைக்குக் கிளம்பும். அந்தச் சண்டைதான் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு. இதற்குப் பெயர் ஒவ்வாமை. அலர்ஜி என்றாலும் இதுதான்.

ஆடியில் காற்றோடு புழுதி. மார்கழியில் பனி. தீபாவளியில் பட்டாசுப் புகை. பட்டாசைக் குறை சொன்னால் நம் பக்கத்தில் அடிக்க வருவார்கள்! பல வீடுகளில் அதுதானே சோறு போடுகிறது? புகை அடங்கும் வரை பாட்டியை உள்ளே உட்கார வையுங்கள், போதும்.

சீமைக்கருவேலத்தை அகற்றும்படி 2017-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவு போட்டது. பல இடங்களில் வெட்டினார்கள். வேர் இருந்த இடத்தில் மறுபடி துளிர்த்தது. மரம் ஒழிகிற வரை பாட்டி காத்திருக்க முடியுமா?

சின்ன மாத்திரை, பெரிய ஆபத்து

கடைக்குப் போகிறோம். "தும்மலுக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்கிறோம். பெரும்பாலும் கிடைப்பது குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்து. தும்மல் நிற்கும். ஆனால் தூக்கம் அமுக்கும். வாலிபர் தாங்குவார். முதியவரின் உடம்பிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறாது. தலை சுற்றும். வாய் உலரும். மலம் கட்டும். சிலருக்குப் புத்தி தடுமாறும். தாத்தாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளும்.

நள்ளிரவில் எழுந்து கொல்லைப்பக்கம் போகிறாள் பாட்டி. கால் தள்ளாடுகிறது. விழுகிறாள். இடுப்பு எலும்பு முறிகிறது. தும்மலில் ஆரம்பித்தது, படுத்த படுக்கையில் முடிகிறது.

முதியவர்களுக்கு ஆகாத மருந்துகள் என்று அமெரிக்காவில் டாக்டர் பீர்ஸ் என்பவர் 1991-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2023-ல் புதுப்பித்த பட்டியலிலும் இந்தப் பழைய மருந்துகள் இருக்கின்றன. தூக்கம் குறைவாக வரும் புதிய மாத்திரைகளும், மூக்கில் அடிக்கும் மருந்தும் உண்டு. எது ஏற்றது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூக்கடைப்பு மாத்திரை சிலருக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றிவிடும். அதையும் கேளாமல் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

பாட்டியின் கட்டிலை வாசற்படிக்கு நேராகப் போடாதீர்கள். அறையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழும். வெளியே போய் வந்ததும் முகம் கழுவி, சேலையை மாற்றச் சொல்லுங்கள். குப்பையை வாசலில் கொளுத்தாதீர்கள். விறகடுப்பு இருந்தால் அவளை அதன் பக்கம் விடாதீர்கள். கேட்க மாட்டாள். ஆனாலும் விடாதீர்கள்!

காய்ச்சல் வந்தால், மூச்சு இரைத்தால், அது வெறும் ஒவ்வாமை என்று இருக்காதீர்கள். இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். காசநோய்ச் சோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

அங்கே போகும்போது, பாட்டி சாப்பிடும் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பேரனையும் கூட்டிப் போங்கள். எந்த மாதம், எந்த நேரம், எத்தனை தும்மல் என்று டாக்டர் கேட்பார். கணக்கு அவனிடம்தானே இருக்கிறது?