மாமியாரும் மலைக்குகை ரயிலும்

இத்தாலிக்குப் போகிற குடும்பங்களில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "ரோம் பார்த்தாயிற்று, வெனிஸ் பார்த்தாயிற்று, கடலோரமாக இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமே!" என்பாள் மனைவி. "பேஷாக! ஒரு காரை வாடகைக்கு எடுத்துவிடுகிறேன்" என்பார் கணவர். சகோதரிகளே, அவர்கள் போக நினைக்கும் இடம் லா ஸ்பெட்ஸியா ஜில்லாவாக இருந்தால், அந்த இடத்திலேயே அவரைத் தடுத்து நிறுத்திவிடுங்கள்.

மலைச்சரிவில் சிவப்பும் மஞ்சளுமாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, கீழே கடல் வந்து மோதும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். 'சிங்க்வே தெர்ரே' எனப்படும் ஐந்து கிராமங்கள் அவை. ஊருக்குள் வெளியார் கார் நுழைய முடியாது. எல்லையில் நிறுத்திவைக்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கும் வாடகை தீட்டிவிடுவார்கள். அது மட்டுமா? இத்தாலியப் பட்டணங்களின் பழைய தெருக்கள் பலவற்றில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் காமிரா படம் பிடித்துவிடும். நீங்கள் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, மறந்தே போன சமயத்தில், அபராதச் சீட்டு வந்து சேரும்!

ஆகையால் ரயில்தான். 1874ல் ஜெனோவாவிலிருந்து ஸ்பெட்ஸியா வரை மலையைக் குடைந்து பாதை போட்டு முடித்தார்கள். அதுவரை இந்தக் கிராமங்களுக்கு வெளி உலகத்தோடு தொடர்பு கோவேறு கழுதைப் பாதையும் படகும்தான்.

ஆகாய விமானத்தில் வருகிறவர்களுக்குப் பீசா சௌகரியம். விமான நிலையத்திலிருந்து பீசா சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சிறு தானியங்கி ரயில் சில நிமிஷங்களில் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து ஸ்பெட்ஸியா ஒரு மணி நேரப் பிரயாணம். ஜெனோவாவில் இறங்கினாலும் மோசமில்லை. மிலானிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம், ரோமிலிருந்து மூன்றரை, நாலு.

தங்குவது எங்கே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிராமத்திலேயே அறை எடுத்தால் காலையில் ஜன்னலைத் திறந்ததும் கடல் தெரியும், வாஸ்தவம். ஆனால் அந்த ஜன்னலை அடைய எத்தனை படிகள்? பெட்டியை யார் தூக்குவது? கூட மாமியார் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி என்றால், யோசிக்கவே வேண்டாம்: ஸ்பெட்ஸியா பட்டணத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தங்குங்கள். முதல் கிராமமான ரியோமஜோரேக்கு எட்டு, பத்து நிமிஷம்தான். கடைசிக் கிராமமான மான்டெரோஸ்ஸோவில் தெரு ஓரளவு சமதளம், மணல் கரையும் உண்டு. பெரியவர்களை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் சுற்றலாம். கோர்னீலியாதான் வம்பு. ஸ்டேஷன் கீழே, ஊர் மலைமேலே. நடுவே 380 படிகள் வாக்கில். சிறு பஸ் ஒன்று மேலே போகிறது. அதற்குக் காத்திருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொரு ஜாக்கிரதை. வெர்னாட்ஸாவிலும் ரியோமஜோரேயிலும் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி குகைக்குள் இருக்கிறது. வண்டி நின்றதும் வெளியே ஒரே இருட்டு. 'ஸ்டேஷன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது' என்று உட்கார்ந்தே இருப்பவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கதவும் தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். பாட்டியும் பேரனும் ஒரு பெட்டியில், நீங்கள் இன்னொரு பெட்டியில் என்று ஏறாதீர்கள். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்துவது கட்டாயம். டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டுவது என்ன வயிற்றெரிச்சல்! நாள் முழுவதும் ஏறி இறங்குவதாக இருந்தால், லெவான்ட்டோவிலிருந்து ஸ்பெட்ஸியா வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர ஒரே சீட்டு இருக்கிறது.

லெரிச்சிக்கும் போர்ட்டோவெனெரேக்கும் ரயில் கிடையாது. ஸ்பெட்ஸியாவிலிருந்து பஸ், அல்லது பருவகாலத்தில் படகு. ஐந்து கிராமங்களில் கோர்னீலியா தவிர மற்ற நான்கிலும் படகு நிற்கும். கடலிலிருந்து பார்க்கும் அழகு ரயிலில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலை எழும்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும்! ஆங்கிலக் கவி ஷெல்லி 1822 ஜூலை 8ம் தேதி தமது பாய்மரப் படகில் லிவோர்னோவிலிருந்து லெரிச்சிக்குக் கிளம்பினார். வழியில் புயல். கடற்கரை வீட்டில் அவர் மனைவி மேரி, 'பிராங்கன்ஸ்டைன்' எழுதிய அதே மேரி, காத்திருந்தார். வயது 24. மூன்று வாரங்களுக்கு முன்புதான் கருச்சிதைவில் செத்துப் பிழைத்தவர். கையில் இரண்டு வயதுக் குழந்தை. பத்து நாள் கழித்து வியாரெஜ்ஜோ அருகே ஷெல்லியின் உடல் கரை ஒதுங்கியது. விமானம் ஏற வேண்டிய நாளன்று படகை நம்ப வேண்டாம்.

ரயிலுக்கும் ஒரு குறை உண்டு: வேலை நிறுத்தம். அப்படிப்பட்ட நாட்களிலும் வார நாளானால் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை சில வண்டிகளைக் கட்டாயம் ஓட்டுவார்கள். எவை என்று முன்கூட்டியே அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெனோவாவிலிருந்து வருகிறவர்கள் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். குகைக்கும் குகைக்கும் நடுவே, கண் இமைக்கும் நேரத்தில் கடல் வந்து போகும். மாமியாரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுங்கள்.