சுவருக்குக் காவல், சங்கத்துக்கு விலங்கா?

இங்கிலாந்தின் தெற்கே, டார்செட் ஜில்லாவில் டால்படில் என்றொரு கிராமம். அங்குள்ள ஒரு பழைய வீட்டை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. சர்க்காரின் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறது. பிரபுவின் மாளிகையல்ல அது. தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டு என்ற பண்ணைக் கூலித் தொழிலாளியின் வீடு!

அந்த வீட்டில் நடந்ததென்ன?

வாரக் கூலி 9 ஷில்லிங்காக இருந்தது. பண்ணையார்கள் அதை 8 ஆக்கினார்கள், 7 ஆக்கினார்கள், இனி 6 தான் என்றார்கள். பெண்டு பிள்ளைகள் எப்படிப் பிழைப்பது? 1833-ல் ஜார்ஜ் லவ்லெஸ் தலைமையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். ஸ்டாண்ட்ஃபீல்டு வீட்டில் கூடி, சங்க ரகசியத்தைக் காப்போமென்று சத்தியம் செய்தார்கள்.

சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. அந்தத் தடை 1824-லேயே நீங்கிவிட்டது. ஆனால் ஆளும் வர்க்கத்துக்குச் சட்டமா பஞ்சம்? கடற்படைக் கலகத்துக்கு அஞ்சி 1797-ல் போட்ட ரகசியப் பிரமாணத் தடைச் சட்டத்தைத் தோண்டியெடுத்தார்கள். 1834 பிப்ரவரியில் 6 பேர் கைது. மார்ச்சில் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை. கைதிக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்.

தொழிலாளி வர்க்கம் கைகட்டி நிற்கவில்லை. ஏப்ரலில் லண்டன் நகரில் பல்லாயிரம் பேர் மகஜருடன் ஊர்வலம் போனார்கள். சர்க்கார் பணிந்தது, 1836-ல் மன்னிப்பு வந்தது. கடைசியாக ஊர் திரும்பியவர் ஜேம்ஸ் ஹாம்மெட், 1839-ல். மற்ற ஐவரும் பின்னர் கனடாவில் குடியேறினர். ஹாம்மெட் 1891-ல் ஏழைகள் விடுதியில் கண் மூடினார்.

அன்று அந்த வீட்டில் கூடியது குற்றம். இன்று அந்த வீடு தேசத்தின் சொத்து! காப்பது நல்லதுதான். ஆனால் சுவரைக் காத்தவர்கள் சங்க உரிமையைக் காத்தார்களா? அறுவரும் தண்டிக்கப்பட்டு 150 ஆண்டு நிறைந்த அதே 1984-ல், செல்டன்ஹாமிலுள்ள உளவு இலாகா ஊழியர்களுக்குச் சங்கமே கூடாதென்று தாட்சர் சர்க்கார் தடை போட்டது. சங்கத்தைக் கைவிட மறுத்த 14 பேர் வேலை இழந்தார்கள். போராட்டம் ஓயவில்லை, 1997-ல் தடை ஒழிந்தது.

எனவே தோழர்களே, பட்டியலும் முத்திரையும் சுவரைக் காக்கும், உரிமையைக் காக்காது. 1934-ல் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் அதே ஊரில் தியாகிகள் நினைவாக 6 வீடுகள் கட்டின. ஆண்டுதோறும் ஜூலையில் தொழிலாளர்கள் கொடியேந்தி அங்கே திரளுகிறார்கள். கல்லைக் காக்கச் சட்டம் போதும். அந்த வீட்டில் செய்த சத்தியத்தைக் காக்கச் சங்கம்தான் வேண்டும்!