மானியம் நிலத்துக்கா, உழைப்புக்கா?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் புதியவனாக இருந்த காலத்தில், விவசாயிகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிய மானியம் பற்றி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். தொகையையே தலைப்பாக இட்டிருந்தேன். அதைப் படித்த செய்தி ஆசிரியர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "இந்தப் பணம் யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

செல்வந்த நாடான அமெரிக்காவும் அந்தக் கேள்விக்கு இன்றுவரை திணறிக்கொண்டிருக்கிறது.

1933 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம், வீழ்ந்து கிடந்த விளைபொருள் விலையை நிமிர்த்துவதற்காக, பயிரிடும் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. தென் மாநிலப் பருத்தி வயல்களில் ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடு செய்யப்பட்டது. வாரக்குடிகளுக்கு உரிய பங்கைப் பலர் கொடுக்கவில்லை. பயிர்ப்பரப்பு குறைந்ததும் குடிகளே தேவையில்லை என்று வெளியேற்றினர். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பொயின்செட் கவுண்டியில், 1934 ஜூலையில், வெள்ளையர் 11 பேரும் கறுப்பர் 7 பேருமாகக் கூடிக் குத்தகை விவசாயிகளுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். நிறவெறி கோலோச்சிய அந்த மண்ணில் இரு இனத்தவரையும் ஒன்றாக அமர வைத்தது இந்த அநீதிதான்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1996 இல், வேறொரு சட்டம் வந்தது. எதைப் பயிரிடுவது என்பதை அரசாங்கம் தீர்மானிக்கலாகாது என்பது அதன் அடிப்படை. நல்ல நோக்கம்தான். ஆனால் கொடுப்பனவுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது கடந்த காலப் பயிர்ச்செய்கைப் பதிவு. 'அடிப்படை ஏக்கர்' என்று ஏட்டில் பதிவான நிலத்தில் பயிர் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பணம் வந்தது.

இதன் விளைவை 2006 ஜூலையில் வோஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அம்பலப்படுத்தியது. டெக்சாஸ் மாநிலத்தின் வார்ட்டன் கவுண்டியில் உள்ள எல் கம்போ பகுதி, நெல் விளையும் பூமி. அங்கே பழைய வயல்கள் கூறு போடப்பட்டு வீட்டு மனைகளாயின. மனையை வாங்கியவர், தாம் கேளாமலே நெல்லுக்கான கொடுப்பனவைப் பெற்றார். வேறு சில நில உரிமையாளர்கள் குத்தகையை நிறுத்திவிட்டு, பணத்தைத் தாங்களே பெற்றுக்கொண்டார்கள். நெல் விளைவித்தவன் நிலத்தை இழந்தான். 2000 ஆம் ஆண்டு முதல் அதுவரை, விவசாயமே செய்யாதோருக்குச் சென்ற தொகை குறைந்தது 130 கோடி டொலர் என்று அப்பத்திரிகை கணக்கிட்டது.

இந்த நேரடிக் கொடுப்பனவை 2014 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆனால் 'அடிப்படை ஏக்கர்' ஒழியவில்லை. விலையோ வருமானமோ வீழ்ந்தால் வழங்கப்படும் இன்றைய உதவியும், இவ்வாண்டு எதைப் பயிரிட்டார் என்பதைப் பாராமல், அந்தப் பழைய ஏட்டைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் ஆதார விலைகளை உயர்த்தியதோடு, மேலும் 3 கோடி ஏக்கர் வரை அந்த ஏட்டில் சேர்க்க இடமளித்தது.

மானியமே கூடாது என்று நான் வாதிடவில்லை. மழையையும் சந்தையையும் நம்பி வாழ்பவனுக்கு அரசின் கை வேண்டும். ஆனால் உறுதிப்பத்திரம் வைத்திருப்பவரும் உழுபவரும் எப்போதும் ஒருவரல்லர். இந்த வேறுபாட்டை மறந்து வழங்கப்படும் உதவி, உழுபவனைக் காப்பதற்குப் பதிலாக அவனை நிலத்திலிருந்து வெளியேற்றவே துணை போகிறது. பொயின்செட்டும் வார்ட்டனும் எழுபது ஆண்டு இடைவெளியில் சொல்லும் பாடம் இதுதான்.

அமெரிக்காவிடம் நாம் மெச்சத்தக்க ஒன்றும் உண்டு. யாருக்கு எவ்வளவு சென்றது என்ற விவரம் 2001 முதல் கவுண்டி வாரியாக இணையத்தில் கிடைக்கிறது. அதை வெளியிட்டது அரசாங்கமன்று; தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திய ஒரு பொதுநல அமைப்பு. என் ஆசிரியர் இன்று இருந்திருந்தால் அந்தப் பட்டியலை ஆவலோடு புரட்டியிருப்பார். ஒதுக்கிய தொகையை அறிவிப்பது அரசாங்கத்தின் வேலை. அது போய்ச் சேர்ந்த கையைத் தேடுவது எங்கள் வேலை.