தண்டப்பணம்: பெட்டிக்கடைக்கு இடி, பெரிய கம்பனிக்குத் தூறல்

ரத்துச் செய்ய முடிவெடுத்த விமானப் பயணங்களுக்கும் பயணச்சீட்டு விற்றதற்காக, அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்துக்கு 2024 ஒக்டோபரில் 10 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கு 2022 நவம்பர் முதல் ஒரு நிறுவனம் செலுத்தவேண்டிய உச்சத் தண்டம் 5 கோடி டொலரோடு நிற்பதில்லை. மோசடியால் பெற்ற லாபத்தின் மூன்று மடங்கு அதைவிடக் கூடினால், அந்தத் தொகை வரை போகலாம்.

இலங்கையில் 2021 திருத்தச் சட்டப்படி, உச்ச சில்லறை விலையை மீறும் தனிநபருக்கு 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபா வரை தண்டம். நிறுவனத்துக்கு 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை.

பள்ளிவாசல்துறையிலிருந்து இந்தக் கணக்கைப் பார்க்கிறேன். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கற்பிட்டிக் கரையோரம் எங்கும் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெட்டிக்கடையில் 70 ரூபா தண்ணீர்ப் போத்தலை 80க்கு விற்றுப் பிடிபட்டால் குறைந்தது 1 லட்சம் கட்டவேண்டும். அது 10,000 போத்தல்களில் கிடைக்கும் மேலதிகப் பணம். கோடிக்கணக்கில் சுருட்டும் கம்பனிக்கோ 50 லட்சத்தோடு கணக்கு முடிகிறது.

கூட்டி விற்பதை நான் நியாயப்படுத்தவில்லை. அடித்த லாபத்துக்கு ஏற்பத் தண்டம் ஏறவேண்டும் என்கிறேன். சட்டம் அப்படித் திருந்தும்வரை, பொருள் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரிய கடையில் ஏமாந்தாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடுங்கள்.