திறந்தால் மட்டும் போதுமா?

நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் காலம் 20 மில்லி விநாடியே. அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, பெட்ரோலைத் தெளித்து, மூடிவிட வேண்டும்.

விரைந்து திறக்கவே பலரும் முயல்கின்றனர்; மூடுவதைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே! மின்சாரத்தை நிறுத்தினாலும் சுருளின் காந்தம் உடனே மறைவதில்லை. வெறும் டயோடு அதை மெல்லவே வடியவிடும். அதுவரை பெட்ரோல் பாயும். ஸீனர் டயோடையும் சேர்த்து உயர்ந்த மின்னழுத்தத்தில் வடித்தால் ஊசி விரைந்து அமரும்.

தாமதத்தைக் கணிப்பொறி ஈடுசெய்யுமே என்பர். ஈடுசெய்ய நேரம் மிஞ்ச வேண்டுமன்றோ?

2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியால் நம் மோட்டார் சைக்கிள்களிலும் இன்ஜெக்டர் பெருகிவிட்டது. வாங்கிய பெட்டியைப் பூட்டுவதோடு நில்லாமல், மூடும் கணத்தை நம் ஆய்வுக்கூடத்திலேயே அளப்போம், வாரீர்!