வீடியோ கேம் தொழில்: எந்த எஞ்சினில் கடை விரிப்பது?

கடந்த மாதம் என் ராத்தாவின் மகன் கடைக்கு வந்தான். கணினிக் கற்கை முடித்தவன். "மாமா, நாங்க மூணு பேர் சேந்து போனுக்கு கேம் ஒண்டு செய்யப் போறம். ஒரு வருசம் தாக்குப் பிடிக்க முதல் வேணும்" என்றான்.

பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு கேம் பற்றி என்ன தெரியும்? ஆனால் முதல் போடுபவன் கேட்க வேண்டிய கேள்வி தெரியும். "எதை வைத்துச் செய்கிறீர்கள்? அது யாருடையது?" என்று கேட்டேன். அங்கேதான் மூவருக்குள்ளும் இழுபறி என்பது தெரிய வந்தது. ஒருவன் அன்ரியல் என்கிறான், மற்றவன் யூனிட்டி என்கிறான், மூன்றாமவன் கொடோட் என்கிறான்.

எமது வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இத்துறையில் ஆர்வம் காட்டுவதால், நான் விசாரித்து அறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எஞ்சின் என்பது என்ன?

லொறியின் எஞ்சினும் செசியும் வாங்கி, மேலே பொடி கட்டுகிறோம் அல்லவா? கேம் செய்வதும் அப்படித்தான். பந்து சுவரில் மோதித் திரும்புவது, வெளிச்சம், நிழல், சத்தம் ஆகிய அடிப்படை வேலைகளை எஞ்சின் செய்து தரும். கதை, படம், விளையாட்டு விதி ஆகியவை எம்முடையவை.

மூன்றும் மூன்று விதம்

அன்ரியல், எபிக் கேம்ஸ் நிறுவனத்தினுடையது. பெரிய முப்பரிமாண கேம்களுக்குப் பெயர் பெற்றது. ஆரம்பிக்கப் பணம் கேட்பதில்லை. ஒரு கேமின் மொத்த வருமானம் 10 இலட்சம் டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பொதுவாக 5 வீதம் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு வலுவான, விலை கூடிய கணினி தேவை. போனுக்குச் சிறு கேம் செய்ய அது மீன் கூடையொன்றை ஏற்றப் பத்துச் சக்கர லொறி பிடிப்பது போன்றது.

யூனிட்டி, கைத்தொலைபேசிக் கேம்களில் மிகப் பரவலானது. போக்கிமொன் கோ அதில்தான் செய்யப்பட்டது. பாடங்களும் ஆயத்தப் பொருட்களும் ஏராளம். வேலை வாய்ப்பும் கூட. ஆண்டு வருமானம் 2 இலட்சம் டொலருக்குள் இருக்கும்வரை இலவசம். அதைத் தாண்டினால் ஆளுக்கு ஆண்டுச் சந்தா. 2025 ஜனவரியில் அது 2,200 டொலராக்கப்பட்டது. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை.

கொடோட், ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த இருவர் ஆரம்பித்தது. 2014 இல் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சந்தாவும் இல்லை, பங்கும் இல்லை. சாதாரணக் கணினியிலும் ஓடும். குறைகளும் உண்டு. பெரிய முப்பரிமாண வேலைக்கு அன்ரியலுக்கு ஈடாகாது. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்றவற்றுக்குக் கொண்டுபோக வேறு நிறுவனங்களின் உதவி வேண்டும்.

2023 இல் கிடைத்த பாடம்

என் முடிவைத் தீர்மானித்தது 2023 செப்டெம்பர் 12 இல் நடந்த சம்பவம். யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வருமானத்தையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் தாண்டிய கேம்கள் ஒவ்வொரு புதிய பதிவிறக்கத்துக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. சிறிய நிறுவனங்களுக்கு அது 20 சதம் டொலர். எல்லையைத் தாண்டிய பின் 10 இலட்சம் பேர் இலவசமாக இறக்கினாலும் 2 இலட்சம் டொலர் பில் வரும். முன்னரே வெளியான கேம்களுக்கும் இது பொருந்தும் என்றதுதான் அநியாயமாகப் பட்டது. பத்தே நாட்களில் திருத்தினார்கள். அடுத்த மாதம் தலைவர் பதவி விலகினார். 2024 செப்டெம்பரில் கட்டணத்தையே இரத்துச் செய்தார்கள். ஆனால் ஸ்லே த ஸ்பயர் கேமைச் செய்தவர்கள் போன்ற சிலர், யூனிட்டியில் பாதி செய்த வேலையை விட்டுவிட்டு கொடோட்டுக்குப் போய்விட்டார்கள்.

இடம் மாறுவது என்றால் என்ன என்று எமது சந்தைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். 2020 நவம்பரில் மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு வந்தது. சரக்கை ஏற்றி இறக்குவது ஒரு நாள் வேலை. பழைய வாடிக்கையாளர் வழி பழகி வர மாதங்கள் சென்றன. கேமில் அதைவிட மோசம். எழுதிய நிரலின் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். ஆகவே கடை எடுக்கும்போதே வாடகையை மட்டுமல்ல, வாடகையை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும். கொடோட்டில் இன்று இறக்கிய பதிப்பின் உரிமையை நாளை எவரும் பறிக்க முடியாது.

எனது தீர்ப்பு

முதலில்லாத மூன்று இளைஞர்கள் போனுக்குச் சிறு கேம் செய்வதென்றால் கொடோட்டே சிறந்தது. வேறொரு நிறுவனத்தில் வேலை தேடுபவன் யூனிட்டியைக் கற்கட்டும். முப்பரிமாணப் படமும் கட்டட வடிவமைப்பும் செய்பவனுக்கு அன்ரியல் பொருந்தும்.

ஆனாலும் எஞ்சின் மட்டும் கேமை விற்றுத் தராது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறையைக் கதையாக்கிய 'வெண்பா' கேமை டொரொன்டோவிலுள்ள சிறு குழுவொன்று யூனிட்டியில் செய்து 2023 இல் வெளியிட்டது. 2024 இல் அது அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. பரிசு கிடைத்தது எஞ்சினுக்கல்ல, கதைக்கே.

மருமகன் கேட்டதில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு நிபந்தனைகள். நான்கு மாதத்துக்குள் மிகச் சிறிய கேம் ஒன்றை முடித்துக் கடையில் வைக்க வேண்டும். அதற்கு முன், மூவருக்கும் இலாப நட்டப் பங்கு எவ்வளவு, ஒருவன் விலகினால் நிரல் யாருக்கு என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். "கூட்டாளிகளுக்குள்ள என்னத்துக்கு மாமா எழுத்து?" என்றான். யூனிட்டியின் கதையைத்தான் மறுபடியும் சொன்னேன். மறுநாள் மூவரும் கடதாசியோடு வந்தார்கள்.

பெற்றோரே, பிள்ளை கேம் செய்யப் போகிறேன் என்றால் விரட்டாதீர்கள். ஒப்பந்தத்தை வாசித்தாயா என்று கேளுங்கள்.